உப்பில்லாத வாரம்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சீரியல் பார்க்க உட்கார்ந்தால் விளம்பரம் வருவதற்குள் எழுந்துபோய்த் துடைத்த மேடையையே மறுபடி துடைப்பேன். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரச் சொன்னால் பரிமாறப் போய்விடுவேன். "ஒனக்குக் காலுல சக்கரத்தக் கட்டி வுட்டுட்டான் ஆண்டவன்" என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் எனக்கு நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத மெஷினுக்கு அவர் ஆபரேட்டர். அந்த மெஷினின் சக்கரம் ஒரு மேட்டையே கரைத்துத் தின்னும். அவர் மேலே கேபினில் உட்கார்ந்து கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருப்பார். வீட்டு வாசலில் பைக், வட்டம் என்று நாங்கள் சொல்கிற குவார்ட்டர்ஸ் பிளாக்கின் முனையில் ஷிப்ட் பஸ், சுரங்கத்துக்குள்ளே ஜீப், அதற்கப்புறம் கேபின் நாற்காலி. மைன்ஸில் வேலை என்றால் ஊர்ப்பக்கம் எல்லாரும் கடப்பாரையும் வேர்வையுமாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் கல்யாணத்துக்கு முன்னால் முத்தாண்டிக்குப்பத்தில் இருந்தவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதைத் தாண்டியதும் எனக்குப் பிடரியில் ஒரு வலி வர ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு, கோபம் என்று நினைத்தேன். கோபம் எனக்குக் கூடவே பிறந்தது, அதனால் சந்தேகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் ஒருமுறைக்கு இருமுறை கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து போய் டாக்டரையே கூட்டிவந்துவிட்டாள். சின்ன வயசு டாக்டரம்மா. என் மகள் வயசுகூட இருக்காது. ஆனால் பேச்சு தெளிவு.

"வயசாக ஆக ரத்தக்குழாயெல்லாம் விறைச்சுப் போகும்மா. குழாய் வளைஞ்சு குடுக்கலேன்னா உள்ள அழுத்தம் ஏறும்" என்றார்.

எனக்கு உடனே எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கத் தோட்டத்தில் கிடக்கிற பச்சை ரப்பர் குழாய் ஞாபகம் வந்தது. வாங்கின புதிதில் பாம்பு மாதிரி நெளியும். இரண்டு கோடை வெயிலில் கிடந்த பிறகு வளைத்தால் மடமடவென்று சத்தம் போடும், குழாயடியில் பிய்த்துக்கொண்டு என் சேலையை நனைக்கும். அதைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். என்ன, இந்தக் குழாய் பஜாரில் கிடைக்காது.

மாத்திரை எழுதித் தந்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். "மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும். ஆனா குழாய் இன்னும் விறைக்காம இருக்கணும்னா நீங்க நடக்கணும். கடைக்குப் போற நடை இல்ல, வேக நடை. தினமும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்."

"பாட்டு எனுக்கு உக்காந்துக்கினு இருந்தாலே வராதும்மா. பேச்சு கவலையே இல்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

எங்கள் டவுன்ஷிப்பில் நடப்பது என்பது சாதாரண விஷயமில்லை. ரோடு அகலமாக இருக்கும், இரண்டு பக்கமும் மரம் இருக்கும், எல்லாம் இருக்கும். ஆனால் நடக்கிற ஆள் இருக்க மாட்டான். பள்ளிக்கூடத்துக்கு பஸ், டியூட்டிக்கு பஸ், பால் வாங்க ஸ்கூட்டி. ஒருத்தர் நடந்து போனால் வண்டி பஞ்சர் என்று அர்த்தம். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக விறுவிறுவென்று கிளம்பினால் என்ன நினைப்பார்கள்? முதல் வாரம் வழியெல்லாம் வண்டியை நிறுத்தி "ஏறுங்கக்கா, எங்க போவணும்?" என்று கேட்டார்கள். "எங்கயும் போவல" என்றால் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு, "வூட்ல எதுனா பிரச்சினையா?" என்றார்கள். ஒரு அம்மா என்னைப் பின்தொடர்ந்து பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டாள், நான் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து!

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த நடை எனக்குப் பிடித்துவிட்டது. இத்தனை வருடம் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் அல்லாடிய கால்களுக்கு ஒரு வழி கிடைத்தமாதிரி இருந்தது. முதலில் மூச்சு இரைத்தது. போகப்போக அந்த மூச்சே நீண்டுகொண்டு வந்தது. பிரஷர் இறங்கியது. டாக்டரம்மா தட்டிக்கொடுத்தார். கோபம் மட்டும் அதே இடத்தில் நின்றது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நான் மைன்ஸ்காரன்டி. எனுக்கு எதுக்கு வாக்கிங்கு?" என்றார்.

"மைன்ஸ்ல நீங்க எங்க நடக்கறீங்க? உக்காந்துக்கினுதான இருக்கறீங்க?"

"மெஷினுக்கு மேல ஏறி எறங்கறது யாரு, உங்கப்பனா?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். உப்பு விஷயத்திலும் அப்படித்தான். அவருக்குத் தட்டு ஓரத்தில் ஊறுகாய் வேண்டும், மோர் மிளகாய் வேண்டும், மத்தி கருவாடு வேண்டும். நான் எனக்குத் தனியாக உப்புக் குறைத்துச் சமைத்தால், ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாங்க" என்று தள்ளிவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒருநாள், "இன்னிக்கிலேருந்து எனுக்கும் உன் சாப்பாட்டயே போடு" என்றார். எனக்குக் கை ஓடவில்லை. "எதுக்குங்க?" என்றேன். "ரெண்டு பேருக்கு ரெண்டு கொழம்பு வச்சிக்கினு நீயும் எத்தினிதான் அல்லாடுவ" என்றார். ஒரு வாரம் முழுக்க உப்பில்லாத ரசத்தை முகம் சுளிக்காமல் குடித்தார். அப்புறம் பழையபடி கருவாட்டுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த வருடமும் இதேபோல ஒரு வாரம். நான் ஒரு பைத்தியம், எனக்காகத்தான் நாக்கைக் கட்டுகிறார், பாவம் ஒரு வாரத்துக்கு மேல் முடியவில்லை என்று உருகிப்போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பூஜை அறையில் நின்று அழக்கூடச் செய்தேன்.

போன வருடம் தை மாதம் அவருடைய பைக் ரிப்பேராகி மெக்கானிக்கிடம் கிடந்தது. சாயங்காலம் கோவிலுக்குப் போகவேண்டும். நடந்தே போகலாம் என்றேன், வேறு வழியில்லாமல் வந்தார். எங்கள் வட்டத்து முனை தாண்டியதும் ஒரு பலாமரத்தடியில் நின்றார். அண்ணாந்து பார்த்து, "அடடா, எத்தினி காயி வுட்டுருக்குது பாரு" என்றார். பார்த்தேன். அடுத்த தெருவில் இன்னொரு பலாமரம். அங்கேயும் நின்றார். "இது வேர்ப்பலா" என்றார். பண்ணுருட்டிப் பக்கத்துக்காரருக்குப் பலாமரம் என்ன அதிசயமா? மூன்றாவது மரத்தில் காயே இல்லை. அதையும் நின்று பார்த்தார். அப்போதுதான் நான் மரத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். மேல் உதட்டில் வேர்வை. சட்டை நெஞ்சில் ஏறி ஏறி இறங்கியது. தை மாதத்துக் குளிர் அது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு குடைச்சல். டாக்டரிடம் போகலாம் என்றால், "கம்பெனி மெடிக்கல்லயே ஃபிட்டுன்னு குடுத்துருக்கறான். அவனவிட உனுக்குத் தெரியுமா?" என்பார். அங்கே 'ஃபிட்' என்றால் ஏறக்குறைய சாமி கொடுத்த வாக்கு. சுரங்கத்துக்காரர்களுக்கு ஐம்பதைத் தாண்டினால் மெடிக்கல் செக்கப் அடிக்கடி வரும். 'ஃபிட்' என்று வந்துவிட்டால் ஏதோ ஆயுள் நீட்டித்துக் கொடுத்தமாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்கள். நானும் பார்த்தேன். ஒருவேளை நமக்குத்தான் நடந்து நடந்து கண்ணில் எல்லாரும் நோயாளியாகத் தெரிகிறார்களோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். ஆனால் அவர் குனிந்து செருப்பு மாட்டும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு மூச்சைக் கேட்பேன்.

ஆடி மாதம் மறுபடியும் அந்த வார்த்தை வந்தது. "இந்த வாரம் எனுக்கும் உப்பக் கொறச்சே போடு."

அதே வாரத்தில் என் பிரஷர் மாத்திரை நடுவிலேயே தீர்ந்துபோனது. எப்போதும் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை மிச்சமிருக்கும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பும் இப்படி ஒருமுறை ஆனது ஞாபகம் வந்தது, அப்போது என் மறதி என்று விட்டுவிட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாவிடம் ஒரு மாத்திரை கடன் கேட்கலாமென்று மதில் ஓரம் போனேன். அவள் தூத்துக்குடிப் பக்கம். அவளும் என்னைப் போல மாத்திரைக்காரிதான், அவள் வீட்டுக்காரரும் மைன்ஸ்தான்.

"யக்கா, என்னதும் தீந்து போச்சு. எப்பிடித்தான் தீருதோ, தெரியல" என்றாள் துணி உலர்த்திக்கொண்டே.

நான் பேச்சை மாற்ற, கொஞ்சம் பெருமையாகவே, "எங்க வூட்டுக்காரரு இந்த வாரம் எனுக்காக உப்பில்லாமத்தான் சாப்புடறாரு" என்றேன்.

அவள் கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டுலயும் அதே கததான். முந்தாநாளு ஆரம்பிச்சாரு. வருசம் தவறாது" என்றாள். அப்புறம் மெதுவாக, "மெடிக்கல் வருதுல்லாக்கா" என்றாள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இரண்டு பேரும் அவரவர் வீட்டுக் கதையை ஒட்டவைத்துப் பார்த்தோம். மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்னால் உப்பை நிறுத்துவது, பெண்டாட்டி மாத்திரையைத் திருடி விழுங்குவது, பிரஷர் இறங்கினதும் போய்க் கையை நீட்டுவது, ஃபிட் வாங்கிக்கொண்டு வந்து அன்றைக்கே கருவாடு வறுக்கச் சொல்வது. ஷிப்ட் பஸ்ஸில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்த வித்தையாம், அவள்தான் சொன்னாள். எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் என்னைப்போலப் பூஜை அறையில் அழுதார்களோ! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு என்பார்கள். இங்கே ஒரு பஸ் நிறைய பூனைகள்.

மதியம் ஷிப்ட் முடிந்து வந்தார். சோறு போட்டேன். ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தார்.

"உப்பு இருக்குதே?"

"இருக்கும். இது வூட்டுச் சோறு. மெடிக்கல் சோறு இல்ல."

அவர் கை தட்டிலேயே நின்றது. நான் விடவில்லை. "என் மாத்திரையத் திருடறது பெருசில்லீங்க. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். எனுக்காக உப்ப வுட்டீங்கன்னு நெனச்சி ஊரெல்லாம் பெருமையடிச்சிக்கினு திரிஞ்சேனே, அத என்னா செய்யறது?"

திட்டுவார் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்ஃபிட்டுன்னு போட்டாங்கன்னா மெஷின்லேருந்து எறக்கிடுவாங்க. ஸ்டோர்ல உக்கார வச்சிடுவாங்க. எங்கப்பன் சுரங்கத்துக்கு நெலத்த எழுதிக் குடுத்துதான் எனுக்கு இந்த வேல வந்துச்சி. எத்தினி வருஷம் காண்ட்ராக்ட்ல கெடந்து பர்மனென்ட் ஆனேன்னு உனுக்கே தெரியும். எங்க மண்ணத்தான் நான் வெட்டிக்கினு இருக்கறேன். ரிட்டயர்மென்டுக்கு ஒரு வருஷங்கூட இல்ல. கடைசி நாளு அந்த மெஷின்லேருந்து எறங்கி மாலையோட வூட்டுக்கு வரணும். வேற என்னா கேட்டேன் நானு?"

எங்கள் டவுன்ஷிப்பில் அது ஒரு வழக்கம். ரிட்டயர் ஆகிறவரை அவருடைய செக்‌ஷன் ஆட்களே மாலை போட்டு, ஜீப்பில் வைத்து, வெடி போட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். பெண்டாட்டி ஆரத்தி எடுக்கவேண்டும். அந்த ஒருநாளுக்காகத்தான் இத்தனை திருட்டும்.

"மாலையோட வூட்டுக்கு வர்றதுக்கு ரெண்டு வழி இருக்குதுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். நான் அந்தப் பட்டை வெயிலில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கே போனேன், எத்தனை தெரு சுற்றினேன் என்று தெரியாது. மாத்திரையை ஒளித்துவைக்கலாம். ஒளித்தால் பஸ்ஸில் இன்னொருத்தன் கொடுப்பான். டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் இந்த ஜென்மத்துக்கு என்னோடு பேச மாட்டார். பேசாவிட்டால் போகட்டும், ஆள் இருக்கட்டும் என்று ஒரு தெருவில் தோன்றும். அடுத்த தெருவில் அந்த மாலை ஆசை நினைவுக்கு வரும். முப்பது வருஷமாக என்னிடம் ஒரு சட்டை வேண்டும் என்றுகூடக் கேட்காத ஆள்.

மெடிக்கல் அன்று காலையில் காப்பியோடு மாத்திரை அட்டையையும் அவர் முன்னால் வைத்தேன். மருந்துக் கடையில் புதிதாக வாங்கிவந்தது.

"இந்தாங்க. முழுங்கறதுன்னா என் எதிருல முழுங்குங்க, திருட்டுத்தனம் வேணாம். ஆனா ஒண்ணு. இன்னிக்கி வண்டி வேணாம். அடுத்த வட்டத்து ஸ்டாப்பு வரைக்கும் என்னோட நடந்து வாங்க. பேசிக்கினே வரணும். எந்தப் பலாமரத்தையும் பாக்காம வந்துட்டீங்கன்னா நானே தண்ணி எடுத்துக் குடுக்கறேன்."

"பலாமரமா?" என்றார். முகம் சிவந்துவிட்டது.

"எனுக்குத் தெரியும்."

அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விருட்டென்று இறங்கினார். ரோஷம்! எனக்கு முன்னால் அவர்தான் வேகமாக நடந்தார். "மெதுவாங்க" என்றேன். "ஏன், உன்னால முடியலியா?" என்றார். மெஷினைப் பற்றிப் பேசினார், புதிதாக வந்த இன்ஜினியர் ஒன்றும் தெரியாதவர் என்றார், நான் ம் கொட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனேன். முதல் பலாமரத்தைத் தாண்டினார். மரத்தைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாவதையும் தாண்டினார். பேச்சு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. முழு வாக்கியம் பாதியானது, பாதி ஒரு வார்த்தையானது. பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவர் ஓரம் வந்தபோது அந்த ஒரு வார்த்தையும் நின்றது.

அங்கே மரமே இல்லை. அவர் சுவரில் கையை ஊன்றி நின்றார். முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. இன்னொரு கை நெஞ்சுக்குப் பக்கத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைந்தது. "இங்க மரமில்லீங்களே" என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அதை விழுங்கினேன். தோளைப் பிடித்துப் பக்கத்திலிருந்த வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்காரவைத்தேன். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். ஐயோ, ரோஷத்தைக் கிளப்பிவிட்டு நானே கொன்றுவிட்டேனா என்று எனக்குள் ஒரே கூச்சல். அவர் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

பஸ்ஸும் வந்து, எங்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றது. மெடிக்கலுக்குப் போகிறவர்களை அதுதான் வழியில் இறக்கிவிடும். ஜன்னலில் அவரோடு மெஷினில் வேலை செய்கிற கேங் ஆள் ஒருத்தர், ஐம்பது வயது இருக்கும், இவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர், தலையை நீட்டி, "என்னாண்ணே, ஜோடியா வாக்கிங்கா? காத்தாலயே லவ்வா?" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "இது உன்னுது" என்றார். பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நானும் கூடவே ஏறியிருக்க வேண்டும். அது தோன்றுவதற்குள் பஸ் வளைந்துவிட்டது. வீட்டுக்கு வந்தேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. தெருமுனைக்குப் போனேன், வந்தேன். துவைத்த துணியை மறுபடி நனைத்தேன். தூத்துக்குடியம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உக்காருங்கக்கா, ஒரு வாய் காப்பித்தண்ணியாவது குடிங்க" என்று கெஞ்சினாள். எங்கே உட்காருவது? மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அட்மிட் செய்திருக்கிறார்கள், வாருங்கள் என்றார்கள். ஆட்டோவுக்குக்கூட நிற்காமல் நடந்தே பாதி தூரம் போய்விட்டேன்.

அதே டாக்டரம்மாதான் இருந்தார். பிரஷர் எக்கச்சக்கம். இ.சி.ஜி.யே சரியில்லாததால் நடக்கவைத்துச் சோதிக்கிற டிரெட்மில்லில்கூட ஏற்றவில்லை. வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயத்துக்குப் போகிற குழாயில் ஒன்று பெரும்பாலும் அடைத்திருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பிவந்த பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். "மூச்சு வாங்குற ஆளை யாராவது வேகமா நடக்க விடுவாங்களாம்மா? முதல்ல இங்கதான கூட்டிட்டு வரணும்? அன்னைக்கு ரோட்டுலயே ஏதாவது ஆயிருந்தா?" தலையைக் குனிந்து நின்றேன். அப்புறம் அவரே, "ஆனா அன்னைக்கு அவரு வந்ததுதான் நல்லது" என்றார்.

அன்ஃபிட். மெஷினிலிருந்து இறக்கினார்கள். ஸ்டோரில் போல்ட்டு நட்டு எடுத்துக்கொடுக்கிற வேலை. ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நடக்கச் சொல்லி டாக்டர் அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார், முதலில் தெருமுனை வரைக்கும், அப்புறம் வட்டத்தைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. அவர் நடைக்கு என்னால் நடக்க முடியவில்லை. கால் பரபரக்கும். நான் முன்னால் ஓடி, முனையைத் தொட்டுவிட்டு, அவரிடமே திரும்பி வருவேன், மறுபடி முன்னால் போவேன். "ஏண்டி நாய்க்குட்டி மாதிரி போயிக்கினும் வந்துக்கினும் இருக்கற?" என்றார் ஒருநாள். அதுதான் அத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம். மூச்சு வாங்காமல் பேசினார் என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது. ஸ்டோரைத் திட்டினார், என்னைத் திட்டினார், உப்பில்லாத குழம்பைத் திட்டினார். இப்போது வருஷம் முழுக்க உப்பில்லாத வாரம். அவருடைய மாத்திரை தனி டப்பா, என்னுடையது தனி டப்பா. திட்டிக்கொண்டே வட்டத்தைச் சுற்றினார், பிறகு இரண்டு வட்டம். ஆனால் எனக்கு நிம்மதி என்று ஒன்று வரவேயில்லை. அவர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலும் எனக்குத் திக்கென்று இருக்கும். தெரிந்தவரிடம் பேச நின்றால்கூட, பேசத்தான் நிற்கிறாரா என்று முகத்தைப் பார்ப்பேன்.

போன மாதம் ரிட்டயர் ஆனார். ஸ்டோர் ஆட்கள் மாலை போட்டார்களாம். அவருடைய பழைய மெஷின் கேங்கும் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு மாலை போட்டார்களாம். நான் தட்டில் ஆரத்தி கரைத்துவைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். ஜீப் சத்தம் கேட்டது. ஓடிவந்தேன். ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் யாருமில்லை. பின்னால் பார்த்தேன். அங்கேயும் அவர் இல்லை.

மாலையோடு வருவதற்கு இரண்டு வழி. நான் சொன்னதுதான். ஆரத்தித் தட்டு கையில் ஆடிச் சிவப்புத் தண்ணீர் சேலையெல்லாம் கொட்டியது.

"அக்கா, அக்கா, ஒண்ணுமில்லக்கா" என்று டிரைவர் பதறிக்கொண்டு இறங்கினார். "ஸ்கூலாண்டயே எறங்கிட்டாருக்கா. எவ்ளோ சொல்லியும் கேக்கல. நடந்துதான் வருவேன்னுட்டாரு."

அப்போதே குரல் கேட்டது. ஆள் தெரிவதற்கு முன்னால் குரல். ஸ்டோரில் எந்தச் சாமானை எங்கே வைக்கவேண்டும் என்று யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டு வருகிறார், நிறுத்தாமல். முனை திரும்பியதும் தெரிந்தார். முழங்கால் வரைக்கும் ரோஜா மாலை. பின்னால் அவருடைய கேங், அவரைவிட வயதில் சின்னவர்கள், லொங்கு லொங்கென்று வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் முனைப் பலாமரம் அடிவரைக்கும் காய்த்துத் தொங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, பேசிக்கொண்டே வந்து வாசலில் நின்று, "என்னா, ஆரத்திய நீயே குளிச்சிட்டியா?" என்றார். வெடி வெடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

மிச்சமிருந்த தண்ணீரில் சுற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், ஒருத்தரைத் தவிர. பஸ் ஜன்னலில் தலையை நீட்டிக் கேலி செய்தாரே, அவர். முனையிலேயே நின்றுகொண்டிருந்தார், ஒரு கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி.

கால் தானாக அங்கே போய்விட்டது. என்னைக் கண்டதும் மேல் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அண்ணி, எத்தினி காயி வுட்டுருக்குது பாருங்க" என்றார்.

நான் மரத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, உங்க வூட்டுல இந்த வாரம் உப்பு போட்டுதான சமைக்கறாங்க?" என்று கேட்டேன்.

அவர் கையை மரத்திலிருந்து எடுக்கவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.